குசினி பெரிசாக்க மூணு கோட்டேஷன் வாங்கியாச்சு, மூணும் மூணு விலை, எப்படி பாத்து முடிவெடுக்கறது?

பெர்ஜுந்தை பையன் எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். அப்பா அம்மா இருக்கற வீடு சிலாங்கூர்ல பெஸ்தாரி ஜெயாவுல, பழைய ஆளுங்களுக்கு பத்தாங் பெர்ஜுந்தைன்னு சொன்னாதான் தெரியும். தாமான் குடியிருப்புல ஒரு மாடி லிங்க் வரிசை வீடு, பின்னாடி காலி இடம் 20 அடி அகலம் 10 அடி நீளம் இருக்கு. இப்ப இருக்கற குசினி ரொம்ப சின்னது, ஒரு ஆள் அடுப்புகிட்ட நின்னா இன்னொரு ஆள் தாண்டிப் போக முடியாது, பெரிய பாத்திரம் எல்லாம் அம்மா பின்னாடி லோங்காங் (சாக்கடை) பக்கத்துல குந்தி உக்காந்து தான் கழுவறாங்க, முட்டி வலியோட எந்திரிக்கறப்ப கதவு நிலைய புடிச்சிக்கிட்டு எந்திரிப்பாங்க, அத பாக்க மனசு கேக்கல. ரெண்டு பேரும் தென்னமரம்னு பேரு உள்ள தோட்டத்துல வேல செஞ்சி ரிட்டையர் ஆனவங்க. காசு அப்பாவோட இபிஎப் சேமநிதியில மிச்சம் இருக்கறதும் அதே நிதியில என்னோட எப்பவும் எடுக்கக் கூடிய கணக்கு, அக்காவுன் பிளெக்சிபல்ல இருக்கறதும் தான், அதனால ஒரு தடவ தான் செய்ய முடியும்.

மூணு பேர்கிட்ட விலை கேட்டேன்.

முதல் ஆளு பக்கத்து தாமான் பெரியவரு, அப்பாவுக்கு தெரிஞ்சவரு. 23,500 வெள்ளி (ரிங்கிட்). நோட்டு புக்கு தாள்ல "பின்னாடி குசினி 20க்கு 10, சுவரு, கூரை, டைல்ஸ், பைப்பு, லைட்டு எல்லாம் சேத்து"ன்னு எழுதி கையெழுத்து போட்டுக் குடுத்தாரு, அவ்வளவு தான்.

ரெண்டாவது கோலா சிலாங்கூர் கம்பெனி. 31,800 வெள்ளி. டைப் அடிச்சு ரெண்டு பக்கம். கூரை மெட்டல் டெக் தகடு 0.42 மில்லிமீட்டர், டைல்ஸ் சதுர அடிக்கு 3 வெள்ளி வரைக்கும், குசினி மேடை காங்கிரீட்டுன்னு இருக்கு. பைலிங், அதாவது அஸ்திவாரத்துக்கு மண்ணுல கட்டை அடிக்கறது, அத பத்தி ஒண்ணும் இல்ல.

மூணாவது ரவாங் ஆளு. 41,200 வெள்ளி. பாக்காவ் மரக்கட்டை பைலிங், பிளான் வரையறது, மஜ்லிஸ் (ஊராட்சி மன்றம்) பெர்மிட், மெட்டல் டெக் 0.48, டைல்ஸ் 5 வெள்ளி வரைக்கும், குப்ப லோரி எல்லாம் இருக்கு. ஆனா வேல தொடங்க முன்ன பாதி காசு கேக்கறாரு.

அப்பா தெரிஞ்ச ஆளுக்கே குடுப்போம்னு சொல்றாரு. மாமா நடு விலைய எடு, ரொம்ப கம்மியும் வேணாம் ரொம்ப அதிகமும் வேணாம்ங்கறாரு. எனக்கு தீபாவளிக்கு முன்ன முடியணும். இதுல எத வச்சி முடிவு பண்றது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பழைய சைட் ஆளு எழுதியது:

தம்பி, விலைய கொஞ்ச நேரம் ஓரமா வைங்க. மூணு பேரும் மூணு வேற குசினிக்கு விலை போட்டிருக்காங்க, அத பக்கத்துல பக்கத்துல வச்சி எது மலிவுன்னு பாக்க முடியாது. நடு விலைய எடுக்கற பழக்கம் நம்ம ஆளுங்ககிட்ட நெறய இருக்கு, அந்த நடு விலையில பைலிங் இல்லன்னா அது நடு விலையே இல்லயே.

நான் கேக்கறது ஒண்ணு தான், வீடு எந்தப் பக்கம் இருக்கு? பெஸ்தாரி ஜெயா ஒரு ஊரு தான், மண்ணு ஒரே மண்ணு இல்ல. தோட்டத்து மேடு பக்கம்னா செம்மண்ணு, கெட்டி. பழைய ஈய லம்பம் (சுரங்கம்) இருந்த இடம் சுத்துவட்டாரத்துல நெறய இருக்கு, அத மூடி எடுத்த நிலம்னா மேல மணலு பாக்க நல்லா இருக்கும் உள்ள சேறு. ராஜா மூசா பக்கம் போனீங்கன்னா கரிமண்ணு, கம்ப குத்துனா உள்ள போய்க்கிட்டே இருக்கும். இந்த மண்ணுல டெவலப்பர் வீடு கட்டறப்ப காங்கிரீட் பைல் அடிச்சி தான் கட்டியிருப்பான், அதனால பெரிய வீடு அசையாம நிக்கும். பின்னாடி நீங்க சேக்கற பாகத்துக்கு ஒண்ணும் அடிக்காம சும்மா தரையில பீம் போட்டு சுவரு எழுப்பினா அது மட்டும் இறங்கும், வீடு இறங்காது. அப்ப ரெண்டும் சேர்ற இடத்துல மேலேருந்து கீழ வரைக்கும் விரிசல் விடும், தரை சாயும், கழுவுன தண்ணி லோங்காங்குக்கு போகாம எங்கயாவது தேங்கி நிக்கும்.

பாக்காவ் கட்டை அடிச்சாலும் அது கெட்டி மண்ணு வரைக்கும் போறது இல்ல, 16 அடி 20 அடி நீளக் கட்டை தானே, சுத்தி இருக்கற மண்ணோட உராய்வுல தான் நிக்குது. அதனால இறங்கறது நின்னுடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, மெதுவா சமமா இறங்கும், அது தான் அதோட பலன். கட்டையோட தலை நிலத்தடி தண்ணிக்கு கீழ முழுகி இருக்கணும், தண்ணிக்குள்ளயே கெடந்தா ரொம்ப காலம் உளுத்துப் போகாது, காய்ஞ்சி நனைஞ்சி காய்ஞ்சி நனைஞ்சி இருந்தா சீக்கிரம் போயிடும். பின்னால சந்து சின்னதா இருந்து குட்டி மெஷின் உள்ள வர முடியலன்னா எப்படி அடிப்பாருன்னும் ரவாங் ஆளுகிட்ட இப்பவே கேட்டு வைங்க, அப்பறம் மெஷினுக்கு தனி காசு கேப்பாரு.

யாரு செஞ்சாலும் இத மட்டும் எழுதி வாங்குங்க: புது பீம பழைய வீட்டு பீமோட கம்பி கோத்து கட்டக் கூடாது. நடுவுல அரை இன்ச் மாதிரி இடைவெளி விட்டு சீலன்ட் அடிச்சி விடணும், கூரை சேர்ற இடத்துல மழைத் தண்ணி உள்ள எறங்காம மறைக்கற பிளாஷிங் தகடு வரணும், புதுசு இறங்கினா பழசையும் சேத்து இழுக்காம இருக்க அது தான் வழி.

இன்னொண்ணு, 0.42ம் 0.48ம் வேற வேற தகடுன்னு நினைச்சி காசு கூட்டிக் குடுக்காதீங்க, முதல்ல கேளுங்க. பூச்சு இல்லாம இரும்ப மட்டும் அளந்தா 0.42, பூச்சு சேத்து அளந்தா 0.48, பல சமயம் அது ஒரே தகடு தான். பிஎம்டியா (இரும்பு மட்டும்) டிசிடியா (பூச்சு சேத்து)ன்னு ஒரு வார்த்த கேட்டா போதும், தெரிஞ்ச ஆளு உடனே சொல்லுவாரு. ரெண்டாவது ஆளோட 0.42 பூச்சு சேத்த அளவா இருந்தா அது நெசமாவே மெல்லிசு.

இன்னைக்கு சாயங்காலமே செய்யக் கூடிய வேல, உங்க வரிசையில யாரு அஞ்சாறு வருஷத்துக்கு முன்ன பின்னாடி இழுத்து கட்டியிருக்காங்களோ அவங்க வீட்டு பின்பக்கம் போய் அந்த சேர்ற இடத்த பாருங்க. மண்ணு எப்படின்னு அந்த சுவரே சொல்லிடும்.

பந்திங் அக்கா எழுதியது:

அண்ணன் மண்ண பத்தி சொல்லிட்டாரு, நான் பேப்பர பத்தி சொல்றேன். எங்க வீட்டுல போன வருஷம் பின்னாடி செஞ்சப்ப ஒரு கண்ட்ராக்டர் பாதி காசு முன்பணம் வாங்கிட்டு சுவரு இடுப்பு உயரத்துக்கு வந்ததும் வேற சைட்டுக்கு ஆளுங்கள கூட்டிக்கிட்டு போயிட்டாரு, போன் அடிச்சா நாளைக்கு நாளைக்குன்னு சொல்லுவாரு, சிமெண்டு மூட்டை மழையில நனைஞ்சி கல்லா போச்சு. ஆளு கெட்டவரான்னு எனக்கு தெரியல, ஆனா முன்னமே பாதி காசு கையில இருந்தா அவருக்கு நம்ம வீட்டுக்கு வர்ற அவசரம் என்ன இருக்கு சொல்லுங்க. அதனால ரவாங் ஆளு கேக்கற பாதி காசுக்கு ஒத்துக்காதீங்க தம்பி. தொடங்கறதுக்கு நூத்துக்கு பத்து, மிஞ்சிப் போனா இருவது. அப்பறம் பைலிங்கும் தரையும் முடிஞ்சா ஒரு பங்கு, சுவரும் கூரையும் முடிஞ்சா ஒரு பங்கு, பூச்சு டைல்ஸ் முடிஞ்சா ஒரு பங்கு, கடைசி நூத்துக்கு பத்து ஒரு நல்ல மழை பேஞ்சி கூரை ஒழுகலன்னு பாத்த பிறகு தான். இத தேதியோட எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடணும்.

"எல்லாம் சேத்து"ன்னு எழுதற கோட்டேஷன்ல எது சேரலன்னு வேல பாதியில தான் தெரியும். சுவரு பூச்சு உள்பக்கம் மட்டுமா ரெண்டு பக்கமுமா, இத யாரும் கேக்க மாட்டாங்க, பக்கத்து வீட்டு பக்கம் செங்கல்லு அப்படியே தெரியும், மழைத் தண்ணி அது வழியா உள்ள ஊறும். பழைய பின்சுவர உடைச்சா மேல சுமைய தாங்கற லிண்டல் யாரு போடறது. டைல்ஸுக்கு அடியில சமமாக்கற சிமெண்டு பூச்சு சேந்திருக்கா. குப்பைய ஏத்திக்கிட்டு போற லோரி யாரு காசு. சிங்க்கு பைப்பு யாரு வாங்கறது. கூரைக்கு அடியில சூடு தாங்கற பஞ்சு வருதா இல்ல வெறும் தகடா, அம்மா மத்தியானம் அடுப்புகிட்ட நிக்கப் போறவங்க, வெறும் தகடுன்னா அடுப்பு மாதிரி காந்தும். பின்னாடி இண்டா வாட்டர் கழிவுநீர் குழி மூடி இருந்தா அது மேல டைல்ஸ் போட்டு மூடிடாம தூக்கற மாதிரி வைக்கணும், அடைச்சிக்கிட்டா வீடு முழுக்க நாறும்.

நான் ரெண்டாவது தடவ ஆள் தேடறப்ப நானே ஒரு தாள்ல எனக்கு என்னென்ன வேணும்னு எழுதி, அளவும் போட்டு, வந்த எல்லாருக்கும் அதே தாள வாட்சாப்புல அனுப்பினேன். இதுக்கு மட்டும் விலை போடுங்க, கூட ஏதாவது வேணும்னா தனியா கீழ எழுதுங்கன்னு சொன்னேன். அப்பறம் தான் விலைய பாக்க ஒரு அர்த்தம் வந்துச்சு. கோட்டேஷன்ல இல்லாத வேல எது வந்தாலும் செய்யறதுக்கு முன்ன விலை எழுதித் தரணும்னு ஒரு வரி கட்டாயம் வேணும்.

பிரச்சனை வந்தா பயப்படாதீங்க, பயனீட்டாளர் டிரிபியூனல் இருக்கு. 1999 பயனீட்டாளர் சட்டத்துல வந்தது, இப்ப 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், மனு போட 5 வெள்ளி தான், வக்கீல் தேவையில்ல, நாமளே பேசலாம், மூணு வருஷத்துக்குள்ள போடணும். ஆனா அங்க போய் நிக்க ரசீதும் எழுத்தும் வேணும், நோட்டு தாளுல எழுதனத வச்சி அவங்க எத பாத்து தீர்ப்பு சொல்லுவாங்க.

பெர்ஜுந்தை பையன் எழுதியது:

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. சொன்ன மாதிரி பின் சந்துல நடந்து பாத்தேன். ரெண்டு வீட்டுல சேர்ற இடத்துல விரல் போற அளவுக்கு வெடிப்பு இருக்கு, ஒரு வீட்டுல சிமெண்டு வச்சி பூசி பூசி மேல மேல பட்டையா நிக்குது. பைல் அடிச்ச வீடு ஒண்ணு இருக்கு, அதுலயும் கோடு தெரியுது ஆனா மெல்லிசா நேரா தான் இருக்கு. அந்த வீட்டு ஆண்ட்டி சொன்னாங்க இந்த தாமான் முழுக்க முன்ன லம்பம்னு.

அதனால நான் ஒரு தாள் எழுதி மூணு பேருக்கும் அனுப்பினேன். பெரியவரு நேர்ல வந்து ஒவ்வொண்ணா கேட்டு, பைலிங், வெளிப்பக்க பூச்சு, குப்ப லோரி, பஞ்சு எல்லாம் சேத்தா 33,900 வரும்னு சொன்னாரு, பெர்மிட் அவரு செய்ய மாட்டாரு. கோலா சிலாங்கூர் கம்பெனி 38,600 ஆச்சு, தகடு பூச்சு சேத்து தான் 0.42ன்னு ஒத்துக்கிட்டாங்க. ரவாங் ஆளு அதே 41,200, முன்பணம் நூத்துக்கு இருவதுக்கு எறங்கி வந்துட்டாரு. முன்ன இருந்த வித்தியாசம் பாதிக்கு மேல காணாம போச்சு.

இப்ப ரெண்டு கேள்வி. பெர்மிட் நெசமாவே வேணுமா, பக்கத்துல யாரும் எடுத்த மாதிரி தெரியல. அப்பறம் பழைய குசினி மேல இருக்கறது சாம்பல் கலர் அலை அலையா இருக்கற ஆஸ்பெஸ்டாஸ் தகடு, பெரியவரு அத உடைச்சி கீழ தள்ளிடலாம் அரை நாள் வேலைங்கறாரு, அது சரியா?

ஆபீஸ் கிராணி எழுதியது:

உடைக்கறது சரி இல்ல, அத முதல்ல நிறுத்துங்க. பழைய சாம்பல் கலர் தகடுல ஆஸ்பெஸ்டாஸ் நாரு இருக்கு, மேல சும்மா இருந்தா பெரிய ஆபத்து இல்ல, உடைச்சா, காய்ஞ்ச நிலையில அறுத்தா, டிரில் போட்டா தான் தூசியா பறக்கும், மூச்சு வழியா நுரையீரல்ல போய் தங்கிடும், நோய் வர்றது இருவது முப்பது வருஷம் கழிச்சு. அத நல்லா தண்ணி தெளிச்சு நனைச்சு, ஆணிய மெதுவா எடுத்து, தகடு முழுசா இறக்கணும், தடிச்ச பிளாஸ்டிக்ல சுத்தணும். சாதா குப்ப லோரியில போடக் கூடாது, 2005 சுற்றுச்சூழல் விதியில ஆஸ்பெஸ்டாஸ் தூசியும் நாரும் தனி வகை கழிவு. யாரு இறக்கறாங்க, எங்க கொண்டு போய் போடறாங்க, கோட்டேஷன்ல எழுதச் சொல்லுங்க. அந்த நாளு அப்பா அம்மாவ உங்க வீட்டுக்கு கூட்டிக்கிட்டு போயிடுங்க, பின்னாடி காயப்போட்ட துணியும் உள்ள எடுத்து வைங்க.

பெர்மிட் வேணும். 1974 சாலை வடிகால் கட்டட சட்டத்துல, சட்டம் 133ன்னு சொல்லுவாங்க, பிளான் அனுமதி இல்லாம கட்டக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரன் ஒருத்தன் புகார் குடுத்தா போதும், மஜ்லிஸ் வந்து நோட்டீஸ் ஒட்டும், இடிக்கச் சொல்லலாம், வீட்ட விக்கறப்பவும் இது தலைவலியா வரும். யாரும் எடுக்கலன்னு நீங்க நினைக்கறீங்க, சந்துல பாத்தா தெரியாது. மஜ்லிஸ் கட்டட பிரிவுல நேர்ல போய் உங்க வீட்டு வகைக்கு என்னென்ன தாள் வேணும்னு கேளுங்க, பக்கத்து வீட்டுக்காரங்க சம்மதக் கடிதமும் கேப்பாங்க, அத இப்பவே வாங்கி வச்சிக்கோங்க, வேல தொடங்கி சத்தம் கேட்ட பிறகு போய் கேட்டா முகம் மாறிடும். தீபாவளிக்கு முன்ன முடியணும்னு அவசரப்பட்டு பெர்மிட் வராம தொடங்காதீங்க.

மூணு பேரோட பேரும் சிஐடிபி, அதாவது கட்டுமான தொழில் வாரியத்தோட இணையப் பக்கத்துல தேடிப் பாருங்க, காசு இல்ல. ஜி1லேருந்து ஜி7 வரைக்கும் கிரேடு இருக்கும், உங்க வேலைக்கு ஜி1 போதும், பதிவு இன்னும் செல்லுபடியாகுதான்னு மட்டும் பாருங்க. கோட்டேஷன் கடைசியில நூத்துக்கு 6 சேவை வரின்னு போட்டிருந்தா பதிவு நம்பர் கேளுங்க. 2025 ஜூலையிலேருந்து கட்டுமானத்துக்கு அந்த வரி வந்தாலும் வருஷத்துக்கு 15 லட்சம் வெள்ளிக்கு மேல வேல செய்யற கம்பெனிக்கு தான், குடியிருக்கற வீட்டுக்கு விலக்கும் இருக்கு.

ஈஜோக் மணி எழுதியது:

நான் அந்த பெரியவருக்காக பேசறேன். நோட்டு தாள்ல எழுதறவரு எல்லாம் வேல தெரியாதவரு இல்ல, தோட்டத்துல கட்டட வேல கத்துக்கிட்டு வெளிய வந்தவங்க எத்தன பேரு இருக்காங்க, கை சுத்தம், பேச்சும் சுத்தம். நீங்க தாள் அனுப்பினதும் நேர்ல வந்து ஒவ்வொண்ணா கேட்டாருன்னு எழுதியிருக்கீங்களே, அது எனக்கு பெரிய விஷயமா படுது, மத்த ரெண்டு பேரும் வாட்சாப்புல நம்பர் அனுப்புனதோட சரி. அவரு கட்டி முடிச்சு நாலஞ்சு வருஷம் ஆன வீடு ஒண்ணு காட்டச் சொல்லுங்க, புதுசா முடிச்ச வீட்ட காட்டினா வேணாம், புதுசு எல்லாம் நல்லா தான் இருக்கும். அந்த வீட்டு அம்மாகிட்ட பாத்ரூம் பக்கம் ஈரம் வருதா, கதவு சிக்குதா, கூப்பிட்டா வந்து பாக்கறாரான்னு கேளுங்க.

அவரு எடுத்தா பிளானும் பெர்மிட்டும் தனியா ஒரு பிளான் வரையற ஆள்கிட்ட குடுக்கணும், அந்த காச 33,900 மேல கூட்டிப் பாருங்க, அப்பறம் சிஐடிபி பதிவு இருக்கான்னும் பாருங்க. அதுக்கும் மேல ஒரு ரெண்டாயிரம் மூவாயிரம் தள்ளி வைங்க, தரைய தோண்டறப்ப பழைய பைப்பு, பழைய காங்கிரீட்டு ஏதாவது வரும், அது யாரு தப்பும் இல்ல. ரவாங் ஆளு முன்பணத்துல உடனே எறங்கி வந்தது நல்லது தான், ஆனா அவரு ஆளுங்க யாரு, சொந்த ஆளா இல்ல வேற ஆளுக்கு வேலைய சப் குடுப்பாரான்னு கேளுங்க. சப்புன்னா சைட்டுல யார நம்பி பேசறதுன்னு தெரியாது.

அப்பா நம்பற ஆளு வேலைக்கு வந்தா அப்பா தினமும் நாற்காலி போட்டு உக்காந்து பாத்துக்குவாரு, அது எந்த கோட்டேஷன்லயும் எழுத முடியாது.

வயர்மேன் குமார் எழுதியது:

கரண்ட் விஷயம் யாரும் சொல்லல, அதனால எழுதறேன். மூணு கோட்டேஷன்லயும் "லைட்டு பாயிண்ட்"ன்னு தான் இருக்கும். எத்தன பாயிண்ட், பிளக் எங்க எங்க, எழுதி வாங்குங்க. பழைய ஒரு மாடி வீட்டுல டிபி பெட்டி, அதாவது கரண்ட் லைன் எல்லாம் பிரியற பெட்டி, சின்னது, குசினியில பிரிட்ஜ், வாஷிங் மெஷின், ரைஸ் குக்கர், கிரைண்டர் எல்லாம் ஒரே பழைய லைன்ல இழுத்து ஒட்டிட்டு போயிடுவாங்க, ஒண்ணா ஓடறப்ப வயரு சூடாகும், டிரிப் ஆகும். டிபிலேருந்து குசினிக்கு புது லைன் தனியா வரணும். வேல செய்யறவரு எரிசக்தி ஆணையத்துல பதிவு பண்ண வயர்மேனா இருக்கணும், அந்த நம்பர கேட்டு வாங்கி வைங்க. அம்மா ஈரக் கையோட சுவிட்ச் தொடற இடம், அதனால பிளக் லைனுக்கு கரண்ட் கசிஞ்சா உடனே நிறுத்தற 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச், வாட்டர் ஹீட்டர் வச்சா அதுக்கு மட்டும் தனியா 10 மில்லியாம்பியர். சிங்க்குக்கு நேர் மேல பிளக் வேணாம்.

டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்ன சுவத்துல பைப்பும் வயரு குழாயும் போன இடத்த எல்லாம் டேப் அளவ பக்கத்துல வச்சி போட்டோ எடுத்து வைங்க தம்பி, பின்னாடி கேபினட் மாட்ட டிரில் போடறப்ப அது தான் வேணும். எல்லாம் முடிஞ்சதும் ஆர்சிசிபி மேல இருக்கற டெஸ்ட் பொத்தான உங்க முன்னாடி அமுக்கி காட்டச் சொல்லுங்க, சுவிட்ச் உடனே விழுந்தா தான் கடைசி காச குடுங்க.